இரண்டாவது ஏடு

கி.பி. 1323-ஆம் ஆண்டையொட்டி டில்லிச் சேனை ஸ்ரீரங்கத்தின்மீது வந்தபோது நிகழ்ந்ததாகக் குருபரம்பரை நூல்கள் ஒரு வரலாறு கூறுகின்றன. சுதர்சன சூரி என்னும் முதியவர் ஸ்ரீபாஷ்யத்துக்குச் சுருதப்பிரகாசிகை என்ற விரிவுரையை எழுதி வைத்திருந்தார். தாம் பிழைப்போம் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. தம் இரு குமாரர்களையும் அந்தச் சுவடியையும் வேதாந்த தேசிகரிடம் ஒப்புவித்தார். தேசிகர் பிணக் குவியலுக்கு நடுவே பிணம்போல் கிடந்து, ஆபத்து விலகியபின் குழந்தைகளோடும் சுவடியோடும் கன்னட நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தாராம். அந்த விரிவுரை இன்றும் பயிலப்படுகிறது.

தேசிகருடைய நெஞ்சுரத்தை நாம் வியக்கிறோம், வியக்க வேண்டியதுதான். ஆனால் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கெட்டிக்காரப் பையன் ஒருவன் எழுந்து, "சார், அந்தச் சுவடிக்கு இன்னொரு பிரதி காஞ்சீபுரத்தில் இருந்திருந்தால்?" என்று கேட்டால் நாம் என்ன பதில் சொல்வது? குழந்தைகளைக் காப்பாற்ற அப்போதும் தேசிகர் வேண்டியிருந்திருப்பார். சுவடியைக் காப்பாற்ற அவ்வளவு பெரிய மகானும் அவ்வளவு பெரிய அபாயமும் தேவைப்பட்டிருக்கமாட்டா. ஒரு நாள் முன்னதாக எழுத்தாணி பிடித்த சாதாரண எழுத்தன் ஒருவனே போதும்.

இந்த வாரம் நாம் எழுத எடுத்துக்கொண்டது அந்தச் சாதாரண எழுத்தனைப் பற்றித்தான். அவனுக்கு இக்காலத்துப் பெயர் "பேக்கப்".

ஓலையும் மின்னேடும்

நம் நாட்டுத் தட்பவெப்பத்தில் பனையோலைக்கு இருநூறு, முந்நூறு வருஷத்துக்குமேல் ஆயுள் எதிர்பார்க்க முடியாது. ஆகவே சில தலைமுறைகளுக்கு ஒருமுறை யாராவது உட்கார்ந்து பிரதி எழுதினால்தான் நூல் பிழைக்கும். எழுதாத நூல்கள் மறைந்தன. ஐம்பெருங்காப்பியங்களில் வளையாபதிக்கும் குண்டலகேசிக்கும் சில செய்யுட்களே நமக்கு மிச்சம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்ற முடிந்ததென்றால், ஓர் ஊரில் செல்லரித்துப்போன இடம் மற்றோர் ஊர் ஏட்டில் முழுசாக இருந்ததே அதற்குக் காரணம். ஒரே ஏடு, ஒரே பரண் என்றிருந்தால் ஐயரவர்களுடைய உழைப்பும் வீணாகியிருக்கும்.

இன்று நம் ஏடுகள் பரணில் இல்லை, வலைத்தளத்தில் இருக்கின்றன. திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் இருக்கும் பள்ளிக்கூடங்கள், சபைகள், பழைய மாணவர் சங்கங்கள், சிறு கடைகள் ஆகியவற்றை நினைத்துப் பாருங்கள். நூற்றாண்டு மலரும், ஆண்டறிக்கையும், நன்கொடைக் கணக்கும், பழைய புகைப்படங்களும் முன்பு அலமாரியில் இருந்தன. இப்போது அவற்றை ஸ்கேன் செய்து தளத்தில் ஏற்றிவிட்டு, "இனிப் பயமில்லை" என்று பழைய காகிதத்தை எடைக்குப் போடுகிறவர்களும் உண்டு. பயம் அந்தக் கணத்தில்தான் ஆரம்பமாகிறது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

வலைத்தளம் என்பது ஆகாயத்தில் தொங்குவதன்று. எங்கோ மும்பையிலோ சிங்கப்பூரிலோ ஒரு கட்டடத்தில், இரும்புச் சட்டத்தில் அடுக்கிய கம்ப்யூட்டர்களுள் ஒன்றில் அது குடியிருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டருக்குச் சர்வர் என்று பெயர். அதில் இடத்தை வாடகைக்கு விடுவது ஹோஸ்டிங் வியாபாரம். வாடகை வீட்டில் குடியிருப்பவன் வீட்டுக்காரனைக் கூரைக்குப் பொறுப்பாக்கலாம். தன் நகைப்பெட்டிக்கும் அவனையே பொறுப்பாக்கலாமா? பெரும்பாலான ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கத்தில், உங்கள் சரக்குக்குப் பிரதி எடுத்துவைத்துக்கொள்வது உங்கள் கடமை என்று பொடி எழுத்தில் கண்டிருக்கும். அதை நாம் படிப்பதில்லை. வீட்டுக்காரர் கடையையே மூடிவிடுவதும் உண்டு. ஜியோசிட்டீஸ் என்ற இலவசத் தளத்தை 2009 அக்டோபரில் மூடியபோது, உலகெங்கும் சாதாரண ஜனங்கள் ஆசையோடு எழுதி வைத்த எத்தனையோ பக்கங்கள் அதோடு போயின.

எதைப் பிரதி எடுப்பது?

முதற்கேள்வி இது. வேர்ட்பிரஸ் போன்ற ஏற்பாட்டில் ஓடும் தளத்துக்கு இரண்டு பாகங்கள் உண்டு. படங்கள், நிரல்கள், அச்சுக்கோப்பு முதலியவை ஃபைல்களாக இருக்கின்றன. நாம் எழுதிய எழுத்தும், அங்கத்தினர் பட்டியலும், கணக்கும் டேட்டாபேஸ் என்னும் தனிப் பெட்டகத்தில் இருக்கின்றன. ஃபைல்களை மட்டும் காப்பி செய்துவிட்டுத் திருப்தியடைகிறவர், புத்தகத்தின் அட்டையையும் படங்களையும் பத்திரப்படுத்தி, எழுத்தை விட்டவர் ஆகிறார்.

டேட்டாபேஸில் ஒரு நுட்பம் உண்டு. அது ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும் பொருள். கணக்குப்பிள்ளை பேரேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே மற்றொருவர் அதைப் பார்த்துப் பிரதி எடுத்தால், வரவுப் பக்கம் பழையதாகவும் செலவுப் பக்கம் புதியதாகவும் அமைந்து கணக்கு இடிக்கும். அதனால் டேட்டாபேஸின் ஃபைலை அப்படியே அள்ளக்கூடாது. ஒரே கணத்து நிலையை எழுத்தாக இறக்கித்தரும் கருவி அதனுடனேயே வருகிறது. மைஎஸ்கியூஎல் வகைக்கு "மைஎஸ்கியூஎல் டம்ப்" என்பது அதன் பெயர். அதன் மூலமாகவே இறக்க வேண்டும்.

யந்திரப் பஞ்சாங்கம்

எதை என்று தெரிந்தபின், எப்போது என்பது கேள்வி. "ஞாயிற்றுக்கிழமைதோறும் நானே எடுத்து வைத்துவிடுவேன்" என்பவர்கள் நல்லவர்கள். ஆனால் முதல் ஞாயிறு எடுப்பார்கள்; இரண்டாம் ஞாயிறு கல்யாணம்; மூன்றாம் ஞாயிறு காய்ச்சல்; நான்காவதுக்குள் வழக்கமே மறந்துபோகும். மனிதர்களைக் குறைகூறி என்ன பயன்? இந்த வேலையை யந்திரத்திடம் விடுவதே விவேகம்.

லினக்ஸ் சர்வர்களில் "கிரான்" என்றொரு காவற்காரன் உண்டு. காலம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். நிமிஷத்துக்கு ஒருமுறை அவன் கண்விழித்துத் தன் அட்டவணையைப் பார்ப்பான். அந்த நிமிஷத்துக்குரிய வேலை எதுவும் இருந்தால் செய்வான். இல்லாவிட்டால் மறுபடி தூங்குவான். அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் முதலில் ஐந்து கட்டங்கள் உண்டு. நிமிஷம், மணி, தேதி, மாதம், கிழமை என்பது வரிசை. நட்சத்திரக் குறிக்கு "எதுவாயினும்" என்று அர்த்தம். ஆகவே 30 2 * * * என்று எழுதி, பக்கத்தில் வேலையின் பெயரை எழுதினால், தினந்தோறும் இரவு 2 மணி 30 நிமிஷத்துக்கு அந்த வேலை நடக்கும். சி-பேனல் போன்ற நிர்வாகப் பலகையில் இவற்றை எழுதவும் வேண்டாம்; கட்டங்களைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பல சர்வர்களின் கடிகாரம் நம் இந்திய நேரத்தைக் காட்டுவதில்லை. ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரத்தைக் காட்டுகிறது. நமக்கு அதிகாலை 2.30 என்றால் அதற்கு முந்திய தினத்து இரவு 9 மணி. அங்கே 0 21 * * * என்று எழுத வேண்டும். இதை அறியாமல் எழுதினால், நம் ஊரில் காலை 8 மணிக்கு, தளத்துக்கு ஜனங்கள் கூடும் வேளையில் பிரதி எடுக்கும் வேலை ஆரம்பித்துத் தளம் நொண்டும்.

எத்தனை நேரத்துக்கு ஒருமுறை என்பதை அவரவர் நஷ்டக் கணக்கே தீர்மானிக்கும். ஒரு நாள் வேலை போனால் தாங்குமா? தாங்குமென்றால் தினம் ஒருமுறை. ஆர்டர் வாங்கும் கடைக்கு ஒரு நாள் போனால் வியாபாரமே குழம்பும். அவர்கள் மணிக்கு ஒருமுறை எடுக்க வேண்டும்.

தாத்தா, அப்பா, பிள்ளை

தினமும் புதிய பிரதியைப் பழையதன் மேலேயே எழுதிவிடுவது பலர் செய்யும் காரியம். இதில் பெரிய ஆபத்து இருக்கிறது. தளத்தில் எவனோ விஷமி புகுந்து பக்கங்களைக் கெடுத்துவிட்டான். நாம் பத்து நாள் கழித்துத்தான் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் உண்மையுள்ள நம் காவற்காரன் பத்துமுறை கெட்டதை நல்லதன்மேல் எழுதி முடித்திருப்பான்! அவனுக்கு நல்லது கெட்டது தெரியாது.

இதற்குக் கம்ப்யூட்டர்க்காரர்கள் கண்ட உபாயத்துக்குத் "தாத்தா, அப்பா, பிள்ளை" முறை என்றே பெயர். தினப் பிரதி பிள்ளை. வாரப் பிரதி அப்பா. மாதப் பிரதி தாத்தா. தினப் பிரதிகள் 7, வாரப் பிரதிகள் 4, மாதப் பிரதிகள் 12 வைத்துக்கொண்டால், மொத்தம் 23 பிரதிகளில் ஒரு வருஷம்வரை பின்னோக்கிப் போகலாம். கூட்டுக்குடும்பத்தின் அருமை இங்கேயாவது விளங்குகிறதே!

இடம் அடைக்குமே என்று கவலைப்பட வேண்டாம். தளம் 10 ஜிபி அளவு என்றும், தினமும் மாறுவது 100 எம்பி என்றும் கொள்வோம். முப்பது நாளும் முழுப் பிரதி எடுத்தால் 300 ஜிபி. முதல் நாள் முழுப் பிரதியும், மற்ற 29 நாட்களும் மாறியதை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய 13 ஜிபி. ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கெராஸ் என்ற இருவர் 1996-இல் வெளியிட்ட ஆர்-சிங்க் என்னும் கருவி, மாறிய பகுதியை மட்டும் கண்டுபிடித்து அனுப்பும் வித்தையைச் செய்கிறது. ஆனால் சங்கிலியில் ஒரு வளையம் அறுந்தால் அதற்குப் பின் வந்தவை பயன்படாமற் போகக்கூடும். அதனால் வாரம் ஒருமுறையாவது முழுப் பிரதி அவசியம்.

ஒரே கூரை

யாழ்ப்பாணத்துப் பொது நூலகம் 1981 மே 31 இரவும் அதையடுத்தும் எரிக்கப்பட்டபோது, சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் ஓலைச்சுவடிகளும் இருந்தன. கடையில் மறுபடி வாங்கக்கூடிய நூல்களை வாங்கினார்கள். சுவடிகளை எங்கே போய் வாங்குவது? பிற்பாடு 2005-இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகத் திட்டம், ஈழத்து ஏடுகளையும் பத்திரிகைகளையும் மின்பிரதி எடுத்து வருகிறது. பட்ட காயத்திலிருந்து கற்ற பாடம் அது.

கம்ப்யூட்டர் உலகமும் நெருப்புக்கு விலக்கல்ல. பிரான்சு தேசத்து ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் 2021 மார்ச் 10-ஆம் தேதி ஓ.வி.எச். என்னும் பெரிய ஹோஸ்டிங் கம்பெனியின் கட்டடம் ஒன்று முற்றிலும் எரிந்தது. பேக்கப் வைத்திருந்த வாடிக்கைக்காரர்களிலும் சிலர் அழுதார்கள். அவர்களுடைய பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்தது. தென்கொரியாவில் 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி தேஜோன் நகரத்து சர்க்கார் கம்ப்யூட்டர் நிலையத்தில் பேட்டரி தீப்பற்றியபோது, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சர்க்கார் ஊழியர்கள் பயன்படுத்திய பொதுச் சேமிப்புக் கிடங்கு அழிந்தது. போனது 858 டெராபைட். அளவு பெரிதாயிருந்தபடியால் வெளியிடத்தில் அதற்குப் பிரதி வைக்கவில்லையாம்! பெரிய பாத்திரத்துக்கு மூடி கிடைக்கவில்லை என்று பாலைத் திறந்து வைத்த கதைதான்.

இவற்றையெல்லாம் ஆலோசித்தே "மூன்று, இரண்டு, ஒன்று" என்று ஒரு சூத்திரம் வழங்குகிறது. பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பிரபலமாக்கியது. பொருள் மூன்று பிரதிகளில் இருக்க வேண்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறு ஊரில் இருக்க வேண்டும். தளம் மும்பையில் இருந்தால், ஒரு பிரதியை வேறொரு கம்பெனியின் கிடங்குக்கு அனுப்பலாம். மற்றொன்றை வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைக்கலாம். அந்த டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றிப் பீரோவில் வைப்பது நல்லது. கம்பியோடு இணைந்திருக்கும் டிஸ்க், கொள்ளைக்காரன் சர்வருக்குள் புகுந்தால் அவன் கைக்கும் எட்டும். அதே காரணத்தால், பிரதிகளை அழிக்கும் சாவியைச் சர்வரிடம் கொடுக்கக்கூடாது. வெளியிலிருக்கும் கம்ப்யூட்டர் வந்து பிரதியை இழுத்துக்கொண்டு போகும்படி ஏற்பாடு செய்வது உத்தமம்.

வேறு இரண்டு எச்சரிக்கைகளும் இங்கே சொல்லிவிடுகிறோம். பிரதி ஃபைலைத் தளத்தின் பொது அறையிலேயே வைத்துவிட்டால், விலாசத்தை ஊகித்த யாரும் அங்கத்தினர் பட்டியலைச் சுருட்டிக்கொண்டு போகலாம். வெளியே அனுப்பும் பிரதியைப் பூட்டி அனுப்ப வேண்டும். ஆனால் பூட்டின் இரகசியச் சொல் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருக்கக்கூடாது. காரியதரிசியின் பிள்ளை எல்லாவற்றையும் செட்டாக அமைத்துவிட்டு அமெரிக்காவுக்குப் போய்விட்டால், சங்கத்தின் நூறு வருஷத்துச் சரித்திரம் பூட்டிய பெட்டியாகிவிடும். உறையிலிட்டு இரண்டு பொறுப்பானவர்களிடம் கொடுத்து வைப்பது நலம்.

திறந்து பார்த்தீர்களா?

இவ்வளவு செய்தும் ஏமாந்தவர்கள் உண்டு. அவர்கள் சாமானியரும் அல்லர். உலகத்து நிரல் எழுத்தாளர்கள் தங்கள் வேலையைப் பத்திரமாக வைக்க நம்பும் கிட்லாப் என்ற கம்பெனியில், 2017 ஜனவரி 31-ஆம் தேதி இரவு நேரங்கழித்து வேலை செய்துகொண்டிருந்த ஓர் எஞ்சினீயர், துணைக் கம்ப்யூட்டரில் அழிக்க நினைத்ததை மூலக் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டார். தவறு தெரிந்து ஓரிரு வினாடிகளில் நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் நாலரை ஜிபியே மிஞ்சியது.

பேக்கப் இருக்கிறதே என்று தேடினார்கள். ஐந்து விதமான ஏற்பாடுகள் இருந்தன. ஐந்தில் ஒன்றும் உதவவில்லை. தினமும் டேட்டாபேஸை இறக்க வேண்டிய கருவி பழைய பதிப்பு, டேட்டாபேஸோ புதிய பதிப்பு. ஆகவே அது வேலை செய்யாமலே நின்றுகொண்டிருந்தது. "வேலை நடக்கவில்லை" என்று அது அனுப்பிய அறிவிப்புக் கடிதங்களையும் தபால் ஏற்பாடு ஏற்காமல் தள்ளிவிட்டது. நல்லவேளையாக, பரீட்சைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்து வைத்த பிரதி ஒன்று அகப்பட்டது. அதைக்கொண்டு எழுந்தார்கள், ஆறு மணி நேரத்து வேலை போயிற்று. நடந்ததை ஒன்றும் மறைக்காமல் உலகத்துக்கு எழுதி வெளியிட்டார்கள் என்பதை அவர்களுடைய பெருமையாகச் சொல்ல வேண்டும்.

இதிலிருந்து இரண்டு விதிகள் கிடைக்கின்றன. தவறினால் கடிதம் வரும் என்று இருக்கக்கூடாது. சரியாக நடந்தால் தினமும் ஒரு வரி வரும்படி செய்து, ஒரு நாள் வராவிட்டால் என்னவென்று விசாரிக்க வேண்டும். இரண்டாவது, பிரதியை அவ்வப்போது திறந்து, வேறொரு கம்ப்யூட்டரில் தளத்தை உண்மையாகவே எழுப்பிப் பார்க்க வேண்டும். அப்படி எழுப்பிப் பார்க்காத பிரதியை நம்பிக்கை என்று சொல்லலாமே தவிரப் பேக்கப் என்று சொல்ல முடியாது.

பிரதியில் குறைவு உண்டா என்று சோதிப்பதற்கும் நம்மவரிடம் ஒரு முறை இருந்தது. திருவாய்மொழி முழுவதும் அந்தாதியாக அமைந்தது. ஒரு பாட்டின் முடிவு அடுத்ததன் தொடக்கமாக வருவதால், நடுவே ஒன்று விடுபட்டால் உடனே தெரிந்துவிடும். ஒவ்வொரு பத்தின் முடிவிலும் அது ஆயிரத்தில் ஒரு பகுதி என்ற குறிப்பும் உண்டு. பத்துப் பாசுரங்களைக் கேட்ட நாதமுனிகள், மற்றவை எங்கே என்று தேடப் புறப்பட்டது அந்தக் குறிப்பினால்தான் என்று சொல்வார்கள். கம்ப்யூட்டர்க்காரர்கள் "செக்-சம்" என்று ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓர் எண்ணைக் கணித்து வைத்து, பிரதியிலும் அதே எண் வருகிறதா என்று பார்ப்பதும் இந்த நோக்கத்தோடுதான்.

2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்ததைத் திருச்சிவாசிகள் மறந்திருக்கமாட்டார்கள். 1928-இல் கட்டிய பாலம். ஆனாலும் ஸ்ரீரங்கத்துக்கும் வடக்கே போகிறவர்களுக்கும் வழி அடைபடவில்லை. பக்கத்தில் புதுப்பாலம் முன்பே கட்டிப் போக்குவரத்து நடந்துகொண்டிருந்தது. வெள்ளம் வந்தபின் பாலம் கட்டத் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கி வைத்து, மறுநாள் விஜயதசமியன்று ஏட்டைப் பிரித்து ஒரு வரியாவது படிப்பது நம் வீடுகளில் வழக்கம். அந்த நாளை வலைத்தளத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். வீட்டிலுள்ள பிள்ளையோ பெண்ணோ பழைய பிரதி ஒன்றை எடுத்து, தளத்தை வேறிடத்தில் எழுப்பிக் காட்டட்டும். பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, சென்ற வருஷத்து ஆண்டறிக்கை முழுவதும் வந்திருக்கிறதா என்று படித்துப் பார்க்கட்டும். வருஷத்துக்கு ஒருமுறை போதாது என்பவர்கள் தைப் பொங்கல், சித்திரை முதல் நாள், ஆடிப்பெருக்கு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டுக்கொண்டிருந்த ஊர்கள் நம்முடையவை. காவேரியில் போனவை போயின. இப்போது கையில் இருப்பதற்காவது இந்த வாரமே இரண்டாவது ஏடு எழுதத் தொடங்குவோம்.